அந்த ஒரு படி அரிசி

தேசம்மா கோணியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். இடது கையால் கூடையைச் சாய்த்து, படியை அரிசிக்குள் இறக்கி நிரப்பி, உள்ளங்கையின் ஓரத்தால் தலை தட்டினாள். அவளுக்கு ஏழு வயது. எனக்கு இருபத்திரண்டோ மூன்றோ. அப்படித் தலை தட்ட எனக்கு இன்றைக்கும் வராது.

முதல் படியைக் கோணியில் கொட்டியபோது அவள் உதடு மட்டும் அசைந்தது. பயத்தில் குரல் எழும்பவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளியைச் சோதிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அன்று முழுக்க நான் பார்த்தது அந்த ஒரு முகத்தைத்தான்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு…” என்று கணீரென்று எண்ணிக்கொண்டே போனாள்.

கூடையில் இருந்தது சின்னப் படியால் பன்னிரண்டு படி பச்சரிசி. அதைப் பிள்ளைகளே அளந்து, மூன்று பானைகளில் சமமாகப் பங்கிட்டு, பானைக்கு நான்கு படி என்று சொல்ல வேண்டும். வாய்ப்பாட்டைக் கத்தாமல் கையாலேயே வகுத்தலைக் கண்டுபிடிக்கும் பாடம். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கலாமா, கூடாதா என்று இன்ஸ்பெக்டர் எழுதப்போகிறார். அந்தச் சம்பளத்தில்தான் திருத்தணிப் பக்கத்தில் என் அம்மாவும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேசம்மா கடைசிப் படியையும் கொட்டினாள். கூடையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“பதினொண்ணு டீச்சர்.”

வாரா வாரம் நான் அடித்த தம்பட்டம்

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் என் பெருமையைத்தான் எழுதி வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. முறைத்த மேலதிகாரியை வாயடைக்க வைத்தேன், மக்குப் பையனை முதல் மார்க் வாங்க வைத்தேன் என்று ஒரே தம்பட்டம். போன வாரம் மேடையேறித் துண்டு போர்த்திக்கொண்ட கதை வேறு. அதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் ‘தாய்மொழிக்காக எல்லை தாண்டி வந்த அம்மையாருக்கு வணக்கம்’ என்று கடிதம் போட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை. மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டேன்.

நான் எல்லை தாண்டியது உண்மை. எதற்காகத் தாண்டினேன் என்பதைத்தான் மறைத்துவிட்டேன்.

விளக்குமாற்றுக் குச்சியும் புளியங்கொட்டையும்

ஆந்திர மாநிலம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போகுமாம், சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வருமாம் என்று டீக்கடைகளில் எந்நேரமும் ஒரே பேச்சு. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரே கூரைக்குக் கீழே தடுப்பு வைத்து, கிழக்கே தெலுங்கு வகுப்பு, மேற்கே தமிழ் வகுப்பு. அங்கே ‘ரெண்டு ரெள்ளு நாலுகு’ என்று கத்தினால் இங்கே என் பிள்ளைகள் ‘ரெண்டு ரெண்டு நாலு’ என்று அதைவிடச் சத்தமாகக் கத்துவார்கள். யாருக்கும் ஒன்றும் புரியாது. தொண்டை மட்டும் வறண்டுபோகும்.

சித்தூர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒரு வயதான அம்மா கணக்கு எடுத்தார். “பிள்ளைக்குக் கணக்கு கை வழியாத்தான் தலைக்கு ஏறும். நீ வாயை மூடிக்கிட்டு அதும் கையில எதையாவது குடு” என்பார். அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்கு எதையும் பாதியாகப் பிடிக்கத் தெரியாது.

விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டிக் கொடுத்தேன். இருபத்து மூன்று என்றால் இரண்டு கட்டும் மூன்று குச்சியும். முப்பதிலிருந்து ஏழை எடு என்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பதை அந்த நாரை அவிழ்க்கும்போதே பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். புளியங்கொட்டையை நான்கு நான்காகப் பரப்பி வாய்ப்பாடு போட்டோம். வகுப்பறை எத்தனை சாண் என்று அளக்கவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வந்து அடிதடியே நடந்தது. “டீச்சர் கையாலயே அளங்க, அப்பத்தான் சண்டை வராது” என்று அவர்களே கேட்ட அன்றுதான் அடிக்கோல் எதற்கு என்ற பாடம் தொடங்கியது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

தலைமை ஆசிரியருக்கு என் பாடம் பிடிக்கவில்லை. ஊரில் அவரைப் பெரிய வாத்தியார் என்பார்கள். “இது பள்ளிக்கூடமாம்மா, கூட்டிப் பெருக்குற எடமா? எங்க பாத்தாலும் குச்சியும் கொட்டையும்!” என்பார். ஆனால் இன்ஸ்பெக்டர் புது முறைகளை விரும்புகிறவர் என்று கேள்விப்பட்டதும் ஆள் அடியோடு மாறிவிட்டார். நான் மணலை வைத்து அளக்கிற பாடம் நடத்துவதாக இருந்தேன். “ஆபீசர் எதிர்ல மண்ணையா அளப்பீங்க? எங்க வீட்டு அரிசிய எடுத்துக்கங்க” என்றார். அவர் மனைவி பன்னிரண்டு படி அளந்து கூடையில் போட்டு வைத்தார். வேலை முடிந்ததும் அரிசி அவர் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும்.

லாபம்

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் மணலை வைத்து ஒத்திகை பார்த்தோம். யார் அளப்பது என்ற கேள்வியே எழவில்லை. தேசம்மாவின் அப்பா முனுசாமிதான் அந்த ஊரில் களத்து நெல்லை அளக்கிறவர். யார் வீட்டு அறுப்பானாலும் மரக்காலைத் தொடுவது அவர்தான். நிலக்காரரும் கூலிக்காரரும் அவர் கைக்குக் கட்டுப்படுவார்கள். அந்தக் கை அப்படியே மகளுக்கு வந்திருந்தது.

அவள் முதல் படி மணலைக் கொட்டி, “லாபம்” என்றாள். அடுத்தது, “ரெண்டு.”

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. எங்கள் பக்கத்துக் களங்களிலும் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். தமிழர் களமானாலும் தெலுங்கர் களமானாலும் லாபம் என்றுதான் தொடங்குவார்கள். ஒன்று என்று ஆரம்பித்தால் அந்த வருஷம் ஒன்றோடு நின்றுபோகும் என்று ஒரு பயம். இதெல்லாம் தெரிந்தும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் எதிரில் இவள் லாபம் என்று ஆரம்பித்தால் என் மானம் என்னாவது?

“லாபம்னா எந்த நம்பர்டி? ஸ்லேட்டுல எழுதிக் காட்டு பாப்போம்” என்றேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். தேசம்மாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

“எங்க நைனா அப்படித்தான் சொல்லும் டீச்சர். மொதல்ல லாபம் சொல்லலன்னா அளக்கவே கூடாதாம்.”

“உங்க நைனா களத்துல சொல்லட்டும். இது இஸ்கூல். நாளைக்கு லாபம்னு ஒரு சத்தம் வந்துச்சி, முதுகுத் தோலை உரிச்சிடுவேன். ஒண்ணுன்னுதான் ஆரம்பிக்கணும். தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது டீச்சர்” என்றாள்.

பதினொன்று

இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர். நல்ல மனிதர்தான், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். “ஏமம்மா, பன்னெண்டு கதா?” என்று என்னைக் கேட்டார். பன்னிரண்டு இல்லையா என்று அர்த்தம். தேசம்மாவிடம் இன்னொரு தரம் அளக்கச் சொன்னார்.

கோணியிலிருந்து அள்ளிக் கூடைக்கு மறுபடியும் அளந்தாள். மறுபடியும் பதினொன்று.

பெரிய வாத்தியாருக்கு முகம் கறுத்துவிட்டது. “எங்க வீட்டுல பன்னெண்டு அளந்து குடுத்தாங்க. கூடைய யார் எடுத்துக்கினு வந்தது?”

தேசம்மாதான். காலையில் அவர் வீட்டிலிருந்து தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். மாந்தோப்பைச் சுற்றிக்கொண்டு தனியாக வந்திருக்கிறாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அவ வழியில அரிசி துன்னா டீச்சர். நான் பாத்தேன்.”

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வாய் ஓரத்தில் உண்மையிலேயே பச்சரிசி மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒரு பிடி அள்ளி மென்றிருப்பாள். எந்தப் பிள்ளைதான் மெல்லாது? ஒரு படி அரிசி ஏழு வயதுப் பெண்ணின் வாயில் அடங்குமா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் நான், நானும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குத் தப்பு என்றால் என் பாடம் தப்பு. என் பாடம் தப்பு என்றால் வேலை போச்சு. ஆனால் அரிசி குறைந்துவிட்டது என்றால்? அப்போது பதினொன்று சரி. அளந்த கை சரி. பாடமும் சரி. இவ்வளவையும் நான் ஒரு மூச்சு விடும் நேரத்தில் போட்டு முடித்துவிட்டேன். மனக்கணக்கில் நான் அவ்வளவு கெட்டி!

“இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் கை நீளம் சார்” என்றேன்.

அதற்கு முன்னால் தேசம்மா ஒரு புளியங்கொட்டையைக்கூடச் சொல்லாமல் எடுத்ததில்லை. அவள் அழவும் இல்லை. “நான் எடுக்கல டீச்சர், சத்தியமா எடுக்கல டீச்சர்” என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டாள். பெரிய வாத்தியார் அவளைக் காதைப் பிடித்து வெளியே நிறுத்தினார். மிச்சப் பாடத்தைப் புளியங்கொட்டை வைத்து நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் எழுதியதைப் பெரிய வாத்தியார் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இவ்வளவு துல்லியமாக அளக்கிறார்கள், பாடப் பொருளில் இருந்த குறைவையே கண்டுபிடித்துவிட்டார்கள், இந்த ஆசிரியை நிரந்தரத்துக்குத் தகுதியானவர் என்று எழுதியிருந்தார். “உங்க அதிர்ஷ்டம்மா” என்றார் பெரிய வாத்தியார்.

சாயங்காலம் நான் அளந்தது

பிள்ளைகள் போன பிறகு கூடையைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். எதற்காக அளந்தேன் என்று தெரியவில்லை. மனசு ஒரு நிலையில் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அளந்தேன்.

பன்னிரண்டு.

மறுபடியும் அளந்தேன். பன்னிரண்டுதான். அப்புறம்தான் அந்த உதடு அசைந்தது ஞாபகத்துக்கு வந்தது. லாபத்தை உரக்கச் சொல்ல நான் தடை போட்டிருந்தேன். சொல்லாமல் அளக்க அவள் அப்பா தடை போட்டிருந்தார். ஏழு வயதுப் பெண் இரண்டு பேரையும் மீறாமல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முதல் படிக்கு வாய்க்குள்ளேயே லாபம். அடுத்த படிக்குச் சத்தமாக ஒண்ணு. இரண்டு தரமும் அதையே செய்திருக்கிறாள். பதினொன்று வராமல் வேறென்ன வரும்?

இன்ஸ்பெக்டர் பெரிய வாத்தியார் வீட்டில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம். ஓடிப்போய் ‘சார், தப்பு என்னுது, அந்தப் பொண்ணு எடுக்கல’ என்று சொல்லியிருக்கலாம். எழுந்தும் விட்டேன். வாசல் வரை போனேன். குறிப்பேட்டில் எழுதியதை அடித்துவிடுவாரே என்று தோன்றியது. திரும்பி வந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. கூடையைத் திருப்பிக் கொடுத்தால் பெரிய வாத்தியாரின் மனைவி நிச்சயம் அளப்பார். பன்னிரண்டு இருந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் என் துணிப்பையை எடுத்து, ஒரு படி அரிசியை அதில் கொட்டிக்கொண்டேன். தலை தட்டித்தான் அளந்தேன். மீதிப் பதினொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அளந்து பார்த்துவிட்டு, “பாத்தியா, அந்தக் குட்டி சரியான கள்ளி” என்றார். “ஆமாங்க” என்றேன்.

அந்த அரிசியைக் கொட்டிவிடவும் மனசு வரவில்லை. வாடகை அறையில் மூன்று நாள் பொங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் சிக்கியது, இறங்கவில்லை என்றெல்லாம் எழுதலாம். பொய். நன்றாகவே இறங்கியது.

முனுசாமி கேட்டது

தேசம்மா மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் படிப்பு இரண்டாம் வகுப்போடு, பாதியில், முடிந்தது.

தை அறுப்பு தொடங்கியது. முதல் களத்துக்கே பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்து அளந்தார்கள். முனுசாமியை யாரும் திட்டவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். “அளக்குறவன் வீட்டுலயே கை நீளம்னா எப்படி நம்புறது?” என்று கடையில் பேசிக்கொண்டதை என் காதாலேயே கேட்டேன். உப்பும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் மதியம் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மெலிந்த மனிதர். உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். நான்தான் போனேன்.

“டீச்சரம்மா, எம் பொண்ணு எடுத்தத நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல” என்றேன்.

“நீங்க லாபம் சொல்லக் கூடாதுன்னுட்டீங்களாம். அதனால அத்த வாய்க்குள்ள சொல்லிக்கினு அளந்தாளாம். அன்னிக்கே வந்து எங்கிட்ட சொல்லிட்டா.”

நான் கீழே கிடந்த வேப்பஞ்சருகைக் காலால் ஒதுக்கினேன்.

“உங்களுக்கும் தெரிஞ்சுதான் கீது. உங்க மூஞ்சப் பாத்தாலே தெரியுது.” அவர் குரல் உயரவே இல்லை. “எனக்குக் கூலி போனது பெருசு இல்லம்மா. மாடு மேச்சின்னாலும் பொழச்சிக்குவேன். பொண்ணத் தெருவுல கள்ளின்னு கூப்புடுறாங்க. வெளிய வரமாட்டன்னு வீட்டுக்குள்ளயே குந்திக்கினு கீறா. வர்ற வெள்ளிக்கிழமை பெரிய களத்துல அளவு. ஊரே வரும். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். அரிசி சரியாத்தான் இருந்துச்சி, எண்ணினதுலதான் தப்புன்னு. என்னா சொல்றீங்க?”

“வரேன்” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா வரேன்.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லை பிரிகிறபோது எந்தப் பக்கம் வேலை பார்க்க விருப்பம் என்று எங்களைப் போன்றவர்களிடம் எழுதிக் கேட்டிருந்தார்கள். அந்தத் தாள் என் பெட்டியில் ஒரு மாதமாகக் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பிடித்திருந்தது, விட்டுப்போக மனசில்லாமல் வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே தமிழ்நாட்டுப் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை காலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். “என்னாடி திடீர்னு?” என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் எவ்வளவு நேரம் அந்தக் களத்தில் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

துண்டு போர்த்தினார்கள்

திருத்தணி இந்தப் பக்கம் வந்ததும் ஊரில் கூட்டம் போட்டார்கள். அங்கே இருந்த நிரந்தர வேலையை மொழிக்காக உதறிவிட்டு வந்த இளம் ஆசிரியை என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். பேசியவர் என்னைத் தமிழ்மகள் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான் ஓடி வந்தது எந்த மொழிக்காகவும் இல்லை. ஒரு மனிதர் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். அதைச் சொல்லப் பயந்து ஓடி வந்தேன். போன வாரம் நான் எழுதாமல் விட்டது இதைத்தான்.

புத்தூரில் கட்டுப் போட்ட நாள்

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் இருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துபோனது. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுதான் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தம்பி மனைவியோடு போனேன். பச்சிலையும் முட்டை வெள்ளையும் கலந்த வாடை. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டு, கட்டுகிறவர், “என்ன வேலைம்மா உங்களுக்கு?” என்றார். டீச்சர் என்றேன். இந்தப் பக்கத்தில்கூடக் கொஞ்ச நாள் இருந்தேன் என்று ஊர்ப் பெயரையும் உளறிவிட்டேன்.

பின்னால் கை உடைந்த மகனோடு நின்றிருந்த ஒரு பெண் என் முகத்துக்கு நேரே வந்து பார்த்தாள்.

“அந்த டீச்சரா நீங்க? நான் முனுசாமி பொண்ணு. தேசம்மா.”

தம்பி மனைவியைத் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். அவளை ஓரமாக அழைத்துக்கொண்டு போய், கட்டுப் போட்ட கையோடு, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பன்னிரண்டு இருந்தது, நானே ஒரு படி எடுத்தேன், பொங்கித் தின்றேன், ஓடிப்போனேன். அழுதேன் கூட. “என்னை மன்னிச்சிடும்மா” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. யாரோ வெயிலைப் பற்றிப் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட சொல்லி இன்னா டீச்சர்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியுமே. தெரியாதவங்களுக்குத்தான் சொல்லணும்.”

“நைனா?”

“போய்ட்டாரு. நாலு வருசம் ஆச்சி. அந்த வருசத்துக்கு அப்பறம் அவரு மரக்கால தொடவே இல்ல. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் உங்களக் கொறையா சொன்னதும் இல்ல. டீச்சரம்மா சத்தியம் பண்ணிச்சி, வரும் வரும்னுக்கினே இருந்தாரு.” மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “இப்பக்கூட எங்களக் கள்ளி வூடுன்னுதான் அடையாளம் சொல்றாங்க. பழகிப்போச்சி. ஆனா எம் பொண்ணக் கேட்டு வந்தாங்க, போன மாசம். ஊர்ல இத்த கேள்விப்பட்டு, அப்படியே திரும்பிப் போய்ட்டாங்க.”

தம்பி மனைவி வருகிறாளா என்று வாசலைப் பார்த்தேன்.

“மூணு மணிக்கு எங்க ஊருக்கு பஸ்ஸு கீது. பெரியவங்க இன்னும் நாலஞ்சி பேரு உயிரோட கீறாங்க. வந்து சொல்லிட்டு அடுத்த பஸ்ல திரும்பிடலாம். வரீங்களா டீச்சர்?”

கையைக் காட்டினேன். இப்போதுதான் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அலையக் கூடாது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டாவது தடவையாக அந்தக் குடும்பத்துக்கு நான் வருகிறேன் என்று சொன்னேன்.

கட்டுப் பிரித்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் போகவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டேன். தேசம்மா எடுக்கவில்லை. எடுத்தது நான். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், ஊர்ப் பெயரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. அந்த ஊரில் இப்போது தமிழ் வகுப்பு கிடையாது. தேசம்மாவின் பிள்ளைகள் படித்தது தெலுங்கு. இந்தப் பத்திரிகை அங்கே ஒரு கடைக்கும் போவதில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான், அவர்களிடம் சொல்ல வேண்டியதை, உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.